வேலியில் சிவப்புப் போர்வை

ஸ்பைஸ்வுட் ஓடை, டென்னசி
3 மார்ச் 2014

அன்புத் தம்பி டெல்மருக்கு,

உன் அக்கா ஓர்ஃபா எழுதுவது. உயிரோடுதான் இருக்கிறேன். முழங்கால்தான் எனக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டது.

நம் ஊற்றுப் பக்கத்தில் விஸ்கி ஆலை எழும்பிவிட்டது. லைசென்ஸோடு! அப்பாவை ஜெயிலுக்கு அனுப்பிய அதே தண்ணீர், அதே சோளம். வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டும் வேலை எனக்கு. பழைய காலத்து கவுன் ஒன்றை மாட்டிவிட்டிருக்கிறார்கள். கால்தடம் தெரியாமல் இருக்க அப்பா செருப்படியில் மாட்டுக் குளம்பைக் கட்டிக்கொண்டு கள்ளச்சாராய ஊறல் போடப் போனதைச் சொன்னால் கைதட்டுகிறார்கள். "செம ஜாலியா இருந்திருக்கும்ல ஆன்ட்டி!" என்றான் ஒருவன். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அம்மா தைத்த போர்வையைக்கூடக் காட்சிக்கு வைக்க வாங்கிக்கொண்டார்கள்.

உன்னைக் கேட்காமல் நிலத்தை விற்றேன் என்று பேச்சை நிறுத்தினாய். என் வீட்டுக்காரர் கிளைடின் அடக்கத்துக்கும் வரவில்லை. சுரங்கத் தூசியில் கெட்டுப்போன அவர் நுரையீரலுக்காகத்தான் விற்றேன். நிலமும் போனது, என் கிளைடும் போனார். இனி எனக்கு நீ ஒருவன்தான். மே பத்தாம் தேதி திறப்பு விழா. விழாவுக்காக வேண்டாம், எனக்காக வா.

உன் அக்கா,
ஓர்ஃபா

டேட்டன், ஒஹாயோ
28 மார்ச் 2014

அக்காவுக்கு,

உன் கடிதத்தை மேசையில் போட்டுவிட்டுப் பல நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். அப்பாவை விலங்கு போட்டு இழுத்துப்போன இடத்தில் டிக்கெட் கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள். நீ அங்கே கவுன் மாட்டிக்கொண்டு நிற்கிறாய். நினைத்தாலே வயிறு எரிகிறது. ஆனால் கோபத்தைத் தூக்கிச் சுமக்கவும் தெம்பு வேண்டுமே, அது இப்போது இல்லை.

வருகிறேன். காரில்தான். கண் டாக்டர் ஓட்டக் கூடாதென்கிறார், அவரிடம் சொல்லப்போவதில்லை. சோள ரொட்டி சுட்டு வை. அதில் சர்க்கரை போட்டிருந்தால் திரும்பிப் போய்விடுவேன்.

டெல்மர்

ஸ்பைஸ்வுட் ஓடை
12 மே 2014

டெல்மர்,

ரொட்டியைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டேன்.

விடியும் முன்பே குறுக்குவழியாக ஆலைக்கு ஏறிவிட்டேன். மேலே வந்த ஒவ்வொரு காரிலும் உன் தலையைத் தேடினேன். போன் செய்தால் எடுக்கவில்லை. வரப் பிடிக்காவிட்டால் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆசை காட்டியிருக்க வேண்டாம். களைத்துவிட்டேன் தம்பி. இனி உன்னைக் கூப்பிடமாட்டேன்.

ஓர்ஃபா

டேட்டன்
20 மே 2014

அக்கா,

நான் வந்தேன்.

பாலம் தாண்டியதும் ஆலைக்காரர்களின் கீழ் கேட், அதை ஒட்டிய வேலியில் அம்மாவின் போர்வை. சிவப்புப் பக்கம் சாலையைப் பார்த்துத் தொங்கியது.

உனக்கு மறந்திருக்காது. நீலம் தெரிந்தால் வீட்டுக்கு வரலாம். கலால்காரர்கள் மலையேறினால் அம்மா சிவப்பைத் திருப்பிப் போடுவாள். "சிவப்பப் பாத்தா அப்படியே திரும்பிடணும்டா. நானே கூப்பிட்டாலும் வரக்கூடாது." அப்பா பிடிபட்ட அன்று அது துவைக்கக் கிடந்தது.

இதெல்லாம் தெரிந்தவர்கள் இன்று நாம் இரண்டு பேர்தான். அதனால் நீதான் போட்டாய் என்று நினைத்தேன். மனம் மாறிவிட்டாய், வாயால் சொல்ல முடியாமல் இப்படிச் சொல்கிறாய் என்று. காரை ஓரம் கட்டி அழுதேன். இந்த வயதிலும் அந்தச் சிவப்பைத் தாண்டக் கால் வரவில்லை அக்கா. திரும்பி வரும்போது ஒரு கம்பத்தில் இடித்தேன். அடி ஒன்றும் இல்லை, லைசென்ஸைத்தான் பிடுங்கிக்கொண்டார்கள். இனி நான் நினைத்தாலும் வர முடியாது.

டெல்மர்

ஸ்பைஸ்வுட் ஓடை
27 மே 2014

என் செல்லத் தம்பிக்கு,

படித்த கையோடு கீழ் கேட்டுக்கு இறங்கினேன். அந்தப் பக்கம் நான் போவதே இல்லை. இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மேனேஜர் பெண்ணைக் கேட்டேன். "உள்ளதான் வெச்சிருந்தோம். விழாவுக்கு வெளிய போட்டேன். நீலம் மங்கிப்போச்சு ஆன்ட்டி, சிவப்புதான் போட்டோல பளிச்சுன்னு வருது" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஊர்க் கதையெல்லாம் கைதட்டலுக்கு அவிழ்த்துவிட்டேன், இதை மட்டும் யாரிடமும் சொல்ல மனம் வரவில்லை. இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

போர்வையை எடுத்து மடித்தேன். "அது ஆலையோடதாச்சே!" என்று பின்னாலேயே ஓடிவந்தாள். "போடி, இது எங்கம்மாவோடது" என்றேன். அந்தக் கவுனையும் கழற்றி அவள் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். உடம்பு லேசாக இருக்கிறது.

உன்னால் வர முடியாவிட்டால் என்ன, நான் வருகிறேன். சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். போர்வையும் என்னோடு வருகிறது. உன் கட்டிலில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போட்டுக்கொள். சோள மாவும் கொண்டுவருகிறேன், உங்கள் ஊர் மாவை நம்ப முடியாது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு உன் வாசலில் சிவப்பாக எதையும் காயப்போட்டு வைக்காதே. திரும்பிப் போய்விடுவேன்.

உன் அக்கா,
ஓர்ஃபா