மூன்றாம் ஓலை

அட்வெந்து முதல் வாரம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா சொல்ல, உன் தங்கை எழுதுகிறாள். கர்த்தர் கிருபையால் மூச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டுக் கேட்டு அவருக்கே அலுத்திருக்கும்.

கண் அநேகமாகப் போய்விட்டது. வெளிச்சமும் நிழலும் தெரிகிறது, முகம் தெரியவில்லை. கால் போனது உனக்குத் தெரியும். இனி மிச்சம் வாய் ஒன்றுதான். அது அவ்வளவு சுலபத்தில் போகாது என்று குட்டி நினைக்கிறாள். சொல்லவில்லை, ஆனால் பேனா நின்றுவிட்டது, அதிலேயே தெரிகிறது. முப்பத்தெட்டு வயதுக்காரியைக் குட்டி என்று கூப்பிட எனக்கே சிரிப்பு வருகிறது. என்ன செய்ய, வேறு பெயர் வாயில் வரமாட்டேன் என்கிறது.

கோயிலில் அட்வெந்து பிறந்த ஞாயிறு முதல் கிறிஸ்துமஸ் வரை பீடத்துக்குக் கத்தரிப்பூ நிறத் துணி. வழக்கம்போல் குட்டிதான் துவைத்து, இஸ்திரி போட்டு விரித்தாள். புது ஐயர் சின்னப் பையன். பிரசங்கத்தை ஆரம்பித்தால் முடிக்கத் தெரியவில்லை. உன் அப்பா இங்கே ஐயராகப் பீடத்தில் நின்ற காலத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு இறங்குவார். நான் முன்வரிசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் தூங்கவும் வழியில்லை. பழைய ஐயரம்மாவே தூங்கினால் சபை என்ன ஆகும்?

ஒரு சிரிப்பான சங்கதி. பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுகிற ஒருவர் இருக்கிறார், கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். நான் அவரைக் கண்ணாடி என்றுதான் சொல்வது. என் கண்ணைப் பார்க்க வீட்டுக்கே வந்தார், நல்ல மனுஷன்தான். விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணாடி போட்டுப் பிரயோஜனம் இல்லை என்றார். சரி, போ என்றால் அடுத்த வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார். கண்ணே தெரியாதவளுக்கு எத்தனை தடவையம்மா கண் பார்ப்பது? நேற்று சமையலறையில் இரண்டு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்தான் போயிற்று, காது நன்றாகவே இருக்கிறது.

அவருக்கு மனைவி இல்லை. வெளிநாட்டில் நர்ஸ் வேலை பார்த்தவள், அங்கேயே நோயில் இறந்து அங்கேயே அடக்கமாம். குட்டியின் முகத்துக்கு இந்த வயதில் இப்படி ஒரு ஆள் வருவது அதிசயம்தான். இதையும் எழுதுடி என்றேன். எழுதுகிறாள், பாவம்.

உங்கள் எல்லாரையும் கர்த்தர் காப்பாராக.

அம்மா



லெந்து காலம், இரண்டாம் வாரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

உன் கடிதத்தைக் குட்டி இரண்டு தடவை வாசித்தாள். பேரனுக்குப் பல் விழுந்தது கேட்டுச் சந்தோஷம். இங்கே லெந்து காலம், ஈஸ்டர் வரை நாற்பது நாள் உபவாசம். கோயிலில் பூ கிடையாது. ஐயர் எல்லாரையும் எதையாவது விட்டுவிடச் சொன்னார். நான் எதை விடுவது? நடப்பதை விட்டேன், பார்ப்பதை விட்டேன். இனி குட்டியை விட வேண்டும் போலிருக்கிறது.

ஆமாம், கேட்டுவிட்டார் கண்ணாடி. தானே வராமல் ஐயரையும் அவர் மனைவியையும் அனுப்பிவைத்தார். இரண்டு பேரும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இந்த வயதில் ஒரு துணை, தேவனுடைய சித்தம் என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஐயர் முன்னால் நான் என்ன சொல்ல முடியும்? சரி என்றேன். குட்டி விசும்பி விசும்பி அழுதாள், என்னவோ நான் இத்தனை வருஷம் அவளைப் பூட்டி வைத்திருந்த மாதிரி.

ஆனால் லெந்து காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அட்வெந்திலும் கிடையாது. அதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். ஈஸ்டர் கழித்து ஓலை வாசிக்கட்டும் என்றேன். உன் கல்யாணத்தின்போது அப்பா உனக்கு வாசித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று ஞாயிறு ஆராதனையில் இரண்டு பேர் பெயரையும் வாசித்து, இவர்கள் கல்யாணத்துக்குத் தடை யாருக்காவது தெரியுமா என்று சபையைக் கேட்க வேண்டும். யாரும் வாய் திறக்காவிட்டால் கல்யாணம். மூன்று மாதத்துக்குள் நடக்காவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும்.

கண்ணாடி கல்யாணம் முடிந்ததும் வேறு ஊருக்குப் போகிறாராம். அங்கே அவர் அண்ணன் கடையை எடுத்து நடத்தப் போகிறார். என்னையும் கூட்டிக்கொண்டு போவார்களாம். நான் எங்கும் வருவதாயில்லை. கோயில் வளாகத்தில் இந்த வீடு எனக்கு ஆயுசுக்கும் உண்டு. அப்பா கல்லறை இங்கே, அதற்குப் பக்கத்து இடம் எனக்கு. ஜன்னலைத் திறந்தால் பாட்டு கேட்கிறது. முன்வரிசையை விட்டுவிட்டு முன்பின் தெரியாத ஊரில் எவன் வீட்டு மூலையிலோ கிடக்கச் சொல்கிறாயா?

குட்டி ஒரு வெள்ளைத் துணி வாங்கித் தைக்க ஆரம்பித்திருக்கிறாள். எனக்குத் தெரியாது என்று நினைப்பு. தையல் மிஷின் சத்தம் பீடத்துணி தைக்கிற சத்தம் மாதிரி இல்லை, ஓட்டமாக ஓடுகிறது. இனி என்னைத் தூக்குவது யார், கழுவிவிடுவது யார் என்று நீயாவது யோசித்து எழுது.

கர்த்தர் உனக்கு நல்ல புத்தியைத் தருவாராக.

அம்மா



திரித்துவ ஞாயிறு கழித்து இரண்டாம் வாரம்

அன்புள்ள பெரியவளுக்கு,

ஈஸ்டர் கழித்து இரண்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று வருத்தப்படாதே. பேனா காணவில்லை, தாள் காணவில்லை என்று உன் தங்கை நாளைக் கடத்தினாள். இன்று நான் கட்டிலைத் தட்டித் தட்டிக் கூப்பிட்ட பிறகு வந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் சொல்கிறபடி ஒரு வார்த்தை விடாமல் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

ஈஸ்டருக்குக் கோயில் நிறைந்திருந்தது. வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ, மணியை அடிஅடியென்று அடித்தார்கள். கண்ணாடி தனியாக ஒரு பாட்டுப் பாடினார். நன்றாகத்தான் பாடினார், பொய் சொல்லக்கூடாது. அடுத்த ஞாயிறு முதல் ஓலை, அதற்கடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. பெயரை வாசித்தபோதெல்லாம் சபையில் ஒரு முனகல், ஆசையான முனகல். குட்டியை எல்லாருக்கும் பிடிக்கும் அல்லவா, இலவசமாகத் துணி துவைக்கிறவளை யாருக்குப் பிடிக்காது?

மூன்றாம் ஓலை வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஐயர் கேட்டார். கேட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தார், அது என் காதில் விழுந்தது. நான் கையைத் தூக்கினேன். ஐயர் கவனிக்கவில்லை. அதனால் குரல் கொடுத்தேன்.

“எனக்குத் தெரியும் ஐயா. இவருக்கு ஏற்கெனவே சம்சாரம் இருக்கு. அந்தம்மா செத்ததை இங்க யாரு பார்த்தா?”

பாடகர் வரிசையில் யாரோ பாட்டுப் புத்தகத்தைக் கீழே போட்டார்கள். அதற்குப் பிறகு கண்ணாடியின் குரல் வந்தது.

“அவ சாகும்போது கையைப் பிடிச்சிட்டு இருந்தது நான்தாம்மா.”

பேனா நிற்கிறது. எழுதுடி. நான் என்ன பொய்யா சொன்னேன்? ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். கேட்கச் சொல்லித்தானே வாசிக்கிறார்கள்? ஐயர் என்ன செய்வார் பாவம், எவராவது தடை சொன்னால் விசாரிக்காமல் நடத்த முடியாது. இறந்ததற்குச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றார். அந்த மனுஷனிடம் அது இல்லை. புதைத்துவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறியவருக்கு எந்தத் தாள் ஞாபகம் இருக்கும்? இனி அந்த நாட்டு ஆபீசுக்கு எழுதிப்போட்டு, அவர்கள் தேடி எடுத்து, முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். அது மூன்று மாதத்தில் வருகிற காரியமா?

அவர் மனைவி செத்துப்போனது உண்மைதான் என்று எனக்கும் தெரியும். குரலைக் கேட்டாலே தெரிகிறது. அதற்காக?

நீ என்னைக் குறை சொல்லாதே. ஈஸ்டர் அன்று ஐயர் வீட்டுப் போனில் பேசினபோது உன்னிடம் கேட்டேன், குட்டி போய்விட்டால் உன்னிடம் வரட்டுமா என்று. நான் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. “அம்மா, எங்க வீடு தீப்பெட்டி மாதிரிம்மா, உங்களை எங்க வைக்கிறது” என்றாய். சரி, தீப்பெட்டியில் வைக்க முடியாதுதான். பிறகு நான் என் வழியைப் பார்க்க வேண்டாமா?

குட்டி இந்தச் சேதியை இப்போதுதான் கேட்கிறாள். கேட்டுக்கொள்ளட்டும்.

இப்போது கோயிலில் பச்சைத் துணி. அட்வெந்து வரும்வரை பச்சைதான். வெள்ளைத் துணியில் தைத்ததை அவள் பிரித்துத் தலையணை உறையாக்கிவிட்டாள். நல்ல துணி, வழவழவென்று இருக்கிறது, அதில்தான் படுத்திருக்கிறேன்.

பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள்.

அம்மா



அட்வெந்து இரண்டாம் வாரம்

அக்காவுக்கு,

கட்டிலில் அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனா ஓடுகிற சத்தம் கேட்டால் அம்மாவுக்கு நிம்மதி. ஆனால் இது அம்மா சொல்வது இல்லை. நான் எழுதுவது.

சான்றிதழ் போன மாத நடுவில் வந்தது. அதுவரை அவர் கடைக்கு ஆள் வரவில்லை. சபையில் பழகினவர்கள் கண்ணை வேறு கடையில் காட்டினார்கள். இரண்டு பெண்டாட்டிக்காரன் என்று பிள்ளைகள் கதவில் கரியால் எழுதினார்கள். ஐயர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அட்வெந்து பிறக்கப்போகிறது, வருஷம் பிறந்ததும் முதல் ஓலையிலிருந்து வாசிப்போம் என்றார்.

அவர் கடையை அடைத்துவிட்டு அம்மாவிடம் வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே கேட்டார், இன்னொரு தடவை கையைத் தூக்காமல் இருப்பீர்களா என்று. சபையில் கேட்பது என் உரிமை, இந்தத் தடவை வேறு ஏதாவது கேட்பேன் என்றார்கள் அம்மா. சிரித்துக்கொண்டே சொன்னார்கள். அவர் வெளியே வந்து என்னிடம், கோயில் வேண்டாம், பதிவு செய்துகொள்ளலாம், இந்த வாரமே புறப்படலாம், அண்ணன் இனியும் கடையைக் காலியாக வைத்திருக்கமாட்டார் என்றார். அம்மாவையும் தூக்கிக்கொண்டு போவோம் என்றார். கட்டிலோடு தூக்கினாலும் ஊர் கேட்கக் கத்துவேன் என்று உள்ளிருந்து சத்தம் வந்தது.

அன்றைக்குத்தான் உனக்குப் போன் செய்தேன். இரண்டே மாதம் அம்மாவை வைத்துக்கொள் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று நான் எழுத வேண்டியதில்லை. மாப்பிள்ளையிடம் கேட்கவேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை நீ.

அவர் அந்தச் சனிக்கிழமையே போனார். கடை வாசலில் மாட்டியிருந்த பெரிய மூக்குக்கண்ணாடிப் பலகையைக் கழற்றிவிட்டார்கள். போகும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்கமாட்டார், எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை. வேளைக்குச் சாப்பாடு, வேளைக்கு மருந்து, தினமும் குளிப்பாட்டுகிறேன். உடம்பில் ஒரு புண் இல்லை. டாக்டரம்மா என்னை மெச்சிவிட்டுப் போனார். சக்கர நாற்காலியில் சக்கரம் ஓடவில்லை என்று ஐயரிடம் சொல்லிவிட்டேன், அதனால் இனி கோயிலுக்குப் போக வேண்டியதில்லை. திருவிருந்து அப்பமும் ரசமும் கொடுக்க வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டார். அம்மாவுக்கு ஆட்கள் வந்தால் பிடிக்கவில்லை என்றேன். குளிர் காலம் என்பதால் ஜன்னலைச் சாத்தி ஆணி அடித்துவிட்டேன். பாட்டு கேட்காது. மணி மட்டும் லேசாகக் கேட்கிறது, அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

நான் அம்மாவிடம் பேசுவதில்லை. ஆரம்பத்தில் திட்டினார்கள். பிறகு கேலி செய்தார்கள். பிறகு, தொண்டை வலிக்கிறதாடி, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டார்கள். இப்போது எதுவும் கேட்பதில்லை. நான் அறைக்குள் வந்தால் வாயை மூடிக்கொள்கிறார்கள். அம்மா வாயை மூடி நீ பார்த்திருக்கிறாயா அக்கா?

இன்று காலை அவர்களாகவே, அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறாயா என்று கேட்டார்கள். எழுதுடி என்று சொல்லவில்லை, எழுதுகிறாயா என்று கேட்டார்கள். இந்த நிமிஷம் உன்னை வரச் சொல்லிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். தீப்பெட்டியானாலும் பரவாயில்லை, கதவுக்குப் பின்னால் ஒரு பாய் போதும், பிள்ளைகளுக்குத் தொந்தரவு தரமாட்டேன், வீடும் வேண்டாம், கல்லறை இடமும் வேண்டாம் என்கிறார்கள். அழுகிறார்கள். நான் ஒரு வரிகூட அதில் எழுதவில்லை. நீ கவலைப்படாதே, நீ வர வேண்டாம். நான் போகக்கூடாது என்றுதானே எல்லாரும் கேட்டீர்கள், போகவில்லை.

முடித்ததும் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே வாசித்துக் காட்டுவேன், அதற்கு மட்டும் வாய் திறப்பேன். பிறகு தினமும் உன் பதில் வந்ததா என்று கேட்பார்கள். உன் பதிலையும் நான்தான் வாசிக்க வேண்டும். நீ எழுதினாலும் வாசிப்பேன், எழுதாவிட்டாலும் வாசிப்பேன்.

இதோ, கடைசியில் ஆசீர்வாதத்துக்கு வந்துவிட்டார்கள். நிறுத்தி நிறுத்திச் சொல்கிறார்கள். இதை மட்டும் ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

என் மகளே, கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுசைத் தருவாராக. நீ முதிர்ந்து தளர்கிற நாளில் உன் பிள்ளைகள் உன்னைக் கையில் வைத்துத் தாங்குவார்களாக.

உன் தங்கை