மேலிருந்து மொண்ட தார்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். திட்டாமல் படி. பாலிமர் கலந்த தார் ஒரு டின் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். டேங்கைக் கலக்கும் மோட்டார் மூன்று நாளாய் ஓடவில்லை. அடிக்குழாயும் அடைத்துக்கொண்டது. அதனால் மேல்மூடியைத் திறந்து மொண்டேன். வெள்ளிக்கிழமை பாலத்து இறக்கத்தில் சாலை போட்டாக வேண்டும்; மேனேஜர் உயிரை எடுக்கிறார். உன் லேபில் சோதித்துச் சீக்கிரம் கையெழுத்துப் போட்டுக் கொடு. என் அக்காதானே நீ?

உன் தம்பி

மார்ச் 6

அன்புள்ள மக்குத் தம்பிக்கு,

கலக்காமல் விட்டால் பாலிமர் மேலே மிதந்துவிடும், அடியில் வெறும் தார்தான், வெயிலுக்கு இளகிவிடும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்? நீ அனுப்பியதை நூலாக இழுத்து நடுவில் வெட்டினேன். ரப்பர் மாதிரி சுருங்கிக்கொண்டது; சோதனையில் தேறிவிட்டது. மேலே மொண்டால் சுருங்காமல் என்ன செய்யும்?

மனசு ஒப்பவில்லை. மோட்டாரைச் சரிசெய்து, ஒருநாள் முழுக்கக் கலக்கிவிட்டுத்தான் சாலையில் ஊற்ற வேண்டும். நீ செய்வாய் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 19

அக்கா,

செய்தி பார்த்திருப்பாய். வெயிலில் இறக்கத்துச் சாலை குழைந்து, சக்கரம் போன இடமெல்லாம் பள்ளம். நேற்றைய மழையில் அதில் தண்ணீர் நின்று, ஸ்கூட்டர் வழுக்கி ஒரு நர்ஸ் செத்துப்போய்விட்டாள்.

மோட்டாரை நான் சரிசெய்யவில்லை. மேனேஜர், "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்"னார். நானும் தலையாட்டிவிட்டேன். விசாரணையில் அடிக்குழாயில் எடுத்த தார்தான் உன் லேபுக்கு வந்தது என்று சொல்லிவிடு. என் பெண் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. உன் காலில் விழுகிறேன்.

தம்பி

ஜூன் 22

தம்பி,

அந்த நர்ஸ் வீட்டுக்குப் போனேன். "அவகூட வேலை பாத்தவங்களா?" என்று புருஷன் கேட்டார். ஆமாம் என்றேன். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உட்கார முடியவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு விசாரணை. மேலே மொண்டது என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று சொல்லப்போகிறேன். என் வேலை போகட்டும், ஜெயிலானாலும் சரி. உன் பங்கை உன் வாயால் நீ சொல். வாசலில் காத்திருப்பேன்.

அக்கா

ஜூன் 25

தம்பி,

பத்தரை வரை வாசலில் நின்றேன். அப்புறம் உள்ளே போய் உன் பங்கையும் நானே சொன்னேன். சொல்லும்போது அழுதேன். உன்மேல் கோபமா, பாசமா என்று எனக்கே தெரியவில்லை.

இதை டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை உன் வீட்டுக்குப் போலீஸ் வரும். ஓடிவிடாதே. பெண்டாட்டியை முன்னால் அனுப்பிவிட்டு உள்ளே நிற்காதே. கதவை நீயே போய்த் திற.

அக்கா