தகட்டுக்குள் ஓடிய ஒலி

ராஞ்சி, 5.12.1984

அன்புள்ள ஆரோக்கியசெல்விக்கு,

மாதா அருளால் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

புடவையில் பாவும் ஊடையும்போல இரும்புத் தகட்டுக்குள்ளும் படிகங்கள் திசை பார்த்துப் படுத்திருக்கும். காதுக்கு எட்டாத அல்ட்ராசவுண்ட் ஒலி எந்தத் திசையில் வேகமாக ஓடுகிறது என்று அளந்து, வேகம் திசைக்குத் திசை மாறுவதால் இந்தத் தகடு கிண்ணம் செய்ய உதவாது என்றேன்.

"இன்னா ஏசுதாஸ், தகடு உன்னாண்ட பேசிகினு கீதா?" என்று சிரித்தான், என்னை முந்தி அதிகாரியான வேலூர்த் திருமலை. தகட்டை அச்சில் வைத்துக் கிண்ணமாக அழுத்திப் பார்த்தார்கள். மட்டமாக இருக்கவேண்டிய விளிம்பு நாலு இடத்தில் காதுபோல் தூக்கிக்கொண்டு நின்றது.

நேற்று கூப்பிட்டான். "நீ சொன்னது சரிதாம்பா. மீதித் தகட்டயும் நீயே பாத்து முடிச்சிடு. கிறிஸ்துமஸ் லீவ அப்புறம் பாத்துக்கலாம்."

பருப்புப் பொடி அனுப்பு. கடிதத்தைக் கொஞ்சம் நீளமாக எழுது. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நள்ளிரவுப் பூசைக்குப் பிள்ளைகளை நீயே அழைத்துப் போ.

ஏசுதாஸ்