சீந்தில் தண்டில் ஏறிய சாயம்

12 ஆகஸ்ட் 2009, புதன்

முதல் வருஷமே செய்திருக்க வேண்டிய சோதனை. ஆய்வேடு டைப் ஆன பிறகு, சாங்கியத்துக்காக இன்று செய்தேன். சீந்தில் தண்டைப் பிளேடால் மெல்லிசாகச் சீவி, அமிலம் கலந்த ஆல்கஹாலில் ஊறவைத்து, பிறகு சாயத்தில் போட்டேன். மருந்துச் சத்தான ஆல்கலாய்டு முழுக்கக் கரைந்துபோன அந்தத் துண்டில், ஆல்கலாய்டை மட்டும் காட்டும் அந்தச் சாயம் ஏறக் கூடாது. ஏறிவிட்டது. ஊறவைக்காத மற்ற துண்டுகளைப் போலவே செம்பழுப்பு. அப்படியென்றால், ஆல்கலாய்டு இருக்கும் இடமென்று மூன்று வருஷமாக நான் வரைந்ததெல்லாம் வேறு எதுவோ.

பக்கத்து மேசையில் ஆய்வு செய்யும் கலா அக்கா கேட்டாள். "ஊறவச்சது வெள்ளையாத்தானடி இருக்குது?"

"ஆமாங்க்கா."

"அப்ப நானும் இதே சாயத்துலயே என் தண்டப் போட்டுர்றேன்."

துண்டை சிங்க்கில் கொட்டினேன். அக்கா பிளேடை எடுத்தாள். கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். நேரமாகவில்லை.