உங்கள் பெயரில் வந்த பத்திரிகை

அன்புள்ள அப்பாவுக்கு,

லோகப்பிரியா, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலியும் அம்மாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். டப்ளினில் நான் சுகம். உங்கள் போனை இனி நம்ப முடியாது என்பதால்தான் இந்தக் காகிதம்.

நேரில் வந்து அழைக்கவில்லை என்று சொந்தத் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கே போகாத மனுஷன் நீங்கள். யாரென்றே தெரியாத நம்பரிலிருந்து வந்த கல்யாணப் பத்திரிகையை மட்டும் எப்படிங்கப்பா திறந்தீர்கள்? அது பத்திரிகையே இல்லை, திருட்டு ஆப். உங்களிடமிருந்த அத்தனை நம்பருக்கும் உங்கள் பெயரிலேயே போயிருக்கிறது.

ஆறு வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும் போனை வாங்கச் சொல்லித் தலைபாடாக அடித்துக்கொண்டேன். வெள்ளகோவில் கடைக்காரர், "இதுல கேமரா அருமையா இருக்குங்க, ஹாட்பாக்ஸ் வேற தாரோமுங்க" என்றதும் பழைய மாடலைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அதன் ஓட்டைகளை அடைக்கக் கம்பெனியே இப்போது மெனக்கெடுவதில்லை. சாப்பாடாவது சூடாக இருக்கிறதா?

தம்பி நிதீஷிடம் கொடுத்து அந்தப் போனை முழுக்க அழிக்கச் சொல்லுங்கள். நான் சொன்ன மாடலையே வாங்குங்கள். இங்கே குளிர் தாங்கவில்லை, ஒரு சென்னிமலைப் போர்வை அனுப்புங்கள்.

என் போனும் போய்விட்டது. இப்படி வருவதைத் திறக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பதுதான் இங்கே என் வேலை. ஆனாலும் திறந்தேன். நான் இங்கே வந்தபின் உங்கள் பெயரில் வந்த முதல் மெசேஜ் அது. நிதீஷுக்குக் கல்யாணம் போல, நேரில் வர முடியாவிட்டாலும் எனக்கும் பத்திரிகை வைத்துவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

பஸ் வந்துவிட்டது.

லோகப்பிரியா