பால் சங்கும் அண்ணனின் பைக்கும்

2008 செப்டம்பர் 8, திங்கள்
விடுமுறை முழுக்க சும்மா நின்ற அண்ணனின் பைக்கிலிருந்து பேட்டரியைக் கழற்றி, ருவான்வெல்லையில் சார்ஜ் போட்டு வந்தேன். நேற்று மாலை மாட்டினேன். மாட்டியதும் திருட்டு அலாரம் அலறியது. ரிமோட்டை அமுக்கினால் கேட்கவே இல்லை. சாவி போட்டாலும் எஞ்சின் ஓடவில்லை. பேட்டரியை மறுபடி கழற்றிவிட்டு இன்று பஸ்ஸில் போனேன். பள்ளிக்கூடத்துக்குப் பத்து நிமிடம் தாமதம். அதிபர் வரவுப் பதிவில் சிவப்புக் கோடு இழுத்துவிட்டார்.

"பயிற்சிக் காலம் டீச்சர். மூணு கோடு விழுந்தா கேகாலைக் கல்விக் கந்தோருக்கு எழுத வேண்டி வரும்."

தலையாட்டினேன். முதல் பஸ்ஸே அப்போதுதான் வருகிறது என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வாய் எப்போதுதான் வரும்?

செப்டம்பர் 9
ரிமோட்டுக்குப் புதுப் பேட்டரி. பலனில்லை.
அண்ணன் கட்டாரிலிருந்து பேசினார். "யாரு ஒன்னய கழட்டச் சொன்னா? கழட்டுனா அலாரம் ரிமோட்ட மறந்துரும். சின்ன பொத்தான் ஒண்ணு ஒளிச்சு வச்சிருப்பாங்க. சாவியப் போட்டு அத அமுக்கிப் புடிச்சுக்கிட்டே ரிமோட்ட அமுக்கு."
"எங்க இருக்கு?"
"எங்கயாச்சும் இருக்கும்."
இதைச் சொல்லவா கட்டாரிலிருந்து போன் கோல்!

செப்டம்பர் 10
நேற்று ஒரு லொறியில் ஏறித் தப்பினேன். இன்று பஸ். இரண்டாவது கோடு.

செப்டம்பர் 11
விடியுமுன் நடந்தே போனேன். கோடு இல்லை. காலில் நாலு அட்டைக் கடி.
மாலையில் ருவான்வெல்லை மெக்கானிக் ஹலீமிடம் கேட்டேன். "எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிரலாம் மிஸ். ஆனா ஒயர் வெளிய தொங்க, ஒங்க தமிழ்ப் பேரு போட்ட ஐடென்டிட்டி கார்டோட ஆமி செக் பொயின்டுல மாட்டி, குண்டுன்னு புடிச்சா என் பேரச் சொல்லிராதீங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

செப்டம்பர் 13, சனி
எப்படி எழுதுவது? காலை ஒன்பதரைக்குப் பொத்தானைத் தேடினேன். அலாரத்தின் சின்ன விளக்கு எரிந்தால் இடம் தெரியும் என்று பேட்டரியை மாட்டினேன். அலறல். பதற்றத்தில் திருப்புளி கையை விட்டு எங்கோ உருண்டது, கழற்ற முடியவில்லை—

எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டி முடித்தவர்கள், பால் நிறுக்கும் மடுவத்தில் மின்சங்கு ஊதும்வரை மரங்களைத் தொடமாட்டார்கள். அதற்குள் மரத்துச் சிரட்டைகளில் பால் நிரம்ப வேண்டும். அந்தச் சங்குக்கும் இந்தப் பாழாய்ப்போன அலாரப் பெட்டிக்கும் ஒரே குரல். எங்கள் லயத்து வீடுகளுக்கு மேலே உள்ள மலையில் நின்ற அத்தனை பேரும் இதைச் சங்கென்று நினைத்து, சொட்டிக்கொண்டிருந்த பாலை எடுத்துவிட்டார்கள். மடுவத்தில் நிறை குறைந்தது. கணக்கப்பிள்ளை எல்லாருக்கும் அரைப்பேர் போட்டுவிட்டார். அரை நாள் சம்பளம்தான். அம்மாவுக்கும்.

பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது, அம்மாவோடு பால் வெட்டும் மரியாயி அத்தை எனக்குக் கேட்கவே சொன்னார்: "படிச்ச புள்ளைக்கு பைக்குல பீப்பீ வேணுமாம். நமக்கு அரைப்பேராம்."

அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே.

செப்டம்பர் 14
இந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன ஒரே ஆள் நான். போய் வந்து செய்த காரியம் இது. நாளைக்குத் தோட்டத்து ஒப்பீசுக்குப் போய் நடந்ததைச் சொல்ல வேண்டும். போவேனா?

செப்டம்பர் 15, திங்கள்
போனேன். தோட்டத்து ஆட்கள் ஒப்பீசுக்குள் போவதில்லை, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார்கள். கிளார்க் "உள்ளுக்கு வாங்க டீச்சர்" என்றார். என்னவோ, உள்ளே போகக் கால் வரவில்லை. ஜன்னலிலேயே நின்று சின்னத்துரையிடம், அதுதான் உதவி மனேஜரிடம், சிங்களத்தில் சொன்னேன். சங்கு கேட்டால் எடுக்க வேண்டும், எடுத்தார்கள், பிழை என்னுடையது என்று.

அவர் நல்ல மனிதர்தான். "சரி மிஸ், உங்க அம்மாவுக்கு முழுப்பேர் போடச் சொல்றேன்."

அதோடு நன்றி சொல்லித் திரும்பியிருக்கலாம். ஒரு நொடி நினைத்தேன் கூட. "அம்மாவுக்கு மட்டும் வேண்டாம் சேர். எல்லாருக்கும் போடுங்க" — நானா சொன்னேன்?

அவர் பேர்ப் புத்தகத்தைத் திறந்தார். எல்லாருக்கும் போடுவதாகச் சொன்னார். ஆனால் தோட்டத்துக்குள் அந்தச் சத்தம் இன்னொரு தடவை கேட்டால் பைக் தோட்டத்தில் இருக்கக் கூடாது.

செப்டம்பர் 16
முழுப்பேர் விழுந்ததாம். அம்மா சொன்னது அவ்வளவுதான். கருவாட்டில் பெரிய துண்டு என் தட்டில்.

செப்டம்பர் 18
பொத்தான் கிடைத்தது! ஒயர்களில் ஒன்றில் மட்டும் கறுப்பு டேப் புதிதாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால் முன் விளக்குக்குப் பின்னால் பட்டாணி அளவு பொத்தான். ஆனால் சரிபார்க்கப் பேட்டரியை மாட்ட வேண்டும். மாட்டினால் கத்தும். கத்தினால் பைக் போய்விடும். எத்தனை நாளைக்கு விடியுமுன் நடப்பது? முழங்கால் வீங்கிவிட்டது.

செப்டம்பர் 20, சனி
வேலை முடிந்து வந்த மரியாயி அத்தை வாசலில் நின்றார். "என்னா, பைக்கு செத்துருச்சா?" சின்னத்துரை போட்ட நிபந்தனையைச் சொன்னேன். இடுப்பில் கைவைத்து யோசித்தார்.

"தோட்டத்துக்குள்ளதான கத்தக் கூடாது? ரோட்டுல கத்துனா தொரைக்கு காது வலிக்காதுல்ல? ஏ ஜெயம்மா, வா, தள்ளு" என்று அம்மாவைக் கூப்பிட்டார்.

அம்மாவும் அத்தையும் பின்னால் தள்ள, நான் ஹேண்டிலைப் பிடிக்க, லொறிப் பாதையில் பிரதான வீதிவரை இறக்கினோம். பேட்டரியை மாட்டினேன். அலறியது. அத்தை காதைப் பொத்திக்கொண்டு "அமுக்குடி, அமுக்குடி!" என்று அதைவிடச் சத்தமாகக் கத்தினார். சாவி. பொத்தான். ரிமோட். ஒரு சிறிய 'பீப்'. பிறகு அமைதி.

எஞ்சின் முதல் உதையிலேயே ஓடியது. அம்மா அழுதாரா சிரித்தாரா தெரியவில்லை, முந்தானை முகத்தில் இருந்தது.

செப்டம்பர் 22, திங்கள்
காலையில் மரியாயி அத்தை நல்ல சேலை கட்டி வாசலில். ருவான்வெல்லை ஆஸ்பத்திரியில் கிளினிக்காம். "பஸ்ஸுல நசுங்க முடியல டீச்சர். ஏறட்டா?"

நேரம் இருந்தது. ஏறச் சொன்னேன். வளைவுகளில் என் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வழியில் போனவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.