சுவரில் என் போட்டோ

அப்பாவுக்கு உங்க மகன் வணக்கத்தோட எழுதுறேன். முட்டிவலி தேவலையா? அம்மா மாத்திரையை மறக்காமப் போடுறாங்களா?

எங்க சலவைக் கம்பெனியில மாசம் ஒருத்தர் போட்டோவைச் சுவர்ல மாட்டி, கீழே ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை எழுதுவாங்க. இந்த மாசம் நான்தான். வார்த்தை, ‘டெனாசிட்டி’. இஸ்திரி மெஷின்ல கையைச் சுட்டுக்கிட்டும் லீவு போடாம வேலை செஞ்சேன்ல, அதுக்கு. சின்னக் காயம்தான், ஆறிடுச்சு. “எடுத்ததை விடாத உறுதி”ன்னு பக்கத்து மெஷின் அண்ணன் அர்த்தம் சொன்னார். எல்லாரும் கைதட்டினாங்க.

அந்தச் சூட்டோட, தங்கச்சி கல்யாணத்துக்கு லீவு கேட்டேன். இது நாலாவது தடவை. மேனேஜர் முகம் சுண்டிப்போச்சு. லீவு கிடையாதுன்னுட்டு, “யூ ஆர் ஸ்டபர்ன்”னார். அதுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கல. சின்ன வயசுல உங்ககிட்ட பெல்ட்டடி வாங்கினேனே, அந்தப் பிடிவாதம்தான். அவங்களுக்காக விடாம நின்னா கைதட்டல், எனக்காக நின்னா திட்டு.

தீக்காயத்துக்குப் போடுற களிம்பு ரெண்டு டியூப் அனுப்புங்க. கல்யாணத்துல குடும்பப் போட்டோ எடுக்கும்போது, தங்கச்சி பக்கத்துல ஒரு ஆள் நிக்கிற இடம் விட்டு நில்லுங்க.

மணி அடிச்சிடுச்சு, போகணும். இடம் விடச் சொன்னதையும் பிடிவாதம்னு சொல்லிடாதீங்கப்பா.